வீடு பார்க்கப் போன மாமா

திண்டிவனம்
27 ஜனவரி 2025

திரு. அலெக்ஸ் அவர்களுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று தோன்றியது. 'மதிப்பிற்குரிய' என்றால் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுவது போல இருக்கிறது. அதனால் வெறும் பெயர். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் ரோஜா. போட்டோவில் என்னைப் பார்த்திருக்கிறீர்கள், இரண்டு முறை போனிலும் பேசினோம். இரண்டு முறையும் நீங்கள் கடற்கரைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனீர்கள், நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தேன். போனை வைத்த பிறகு யோசித்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. உங்கள் கண்ணாடிப் படகில் ஏறுகிறவர்களிடம் பேசுகிற அதே குரல் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். எழுத்தில் கேள்வியை விட்டு நழுவினால் எழுதுகிறவருக்கே தெரிந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாமா சவுரிராயன் அந்தமானிலிருந்து போன வாரம் ஊர் திரும்பினார். என் அம்மாவின் தம்பி. அப்பா இல்லாத எனக்கு அவர்தான் முன்னால் நிற்கிறவர். கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்த்தே கலவை எப்படி என்று சொல்லிவிடுவார். மாப்பிள்ளை வீடு பார்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? "நீ ஒருத்தன் போனா பத்துப் பேரு போன மாதிரி" என்று அம்மா அனுப்பிவைத்தாள். அவரும் சென்னையில் கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, உங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தார்.

திரும்பி வந்தவரை உட்காரவைத்து, வீடு எப்படி என்று கேட்டோம்.

"அக்கா, தண்ணி இன்னா கலருன்ற நீ! கழுவி வெச்ச கண்ணாடி கெணக்கா அடி தெரியுது. மீனு நம்ம காலுக்குக் கீழ நீந்திக்கினு போவுது!"

"ரூமு எத்தினிடா?" என்றாள் அம்மா.

"பாறை ஒண்ணு பாலம் மாதிரி வளைஞ்சி நிக்குது. எந்தக் கொத்தனும் கட்டல. அத்தப் பாத்து அழுதுட்டேன்க்கா."

துருவித் துருவிக் கேட்டதில் தெரிந்தது இது. வீட்டை அவர் படகிலிருந்துதான் பார்த்திருக்கிறார். தென்னைகளுக்குப் பின்னால் ஒரு நீலத் தகரக் கூரை. 'அதோ நம்ம வீடு' என்று நீங்கள் கையைக் காட்டினீர்களாம், இவர் தலையாட்டினாராம். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர், வீடு பார்க்கப் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

இதுகூடப் பரவாயில்லை. உங்கள் அம்மா கடற்கரையில் பாய் விரித்து மீன் வறுத்துப் போட்டாராம், மாமா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாராம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது, அவர் கண்டாச்சிபுரத்தில் பிறந்தவர்தானே. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். கை நனைத்துவிட்டால் பெண் கொடுத்ததற்குச் சமம். இப்போது மாமா, "நான் கை நனைச்சிட்டு வந்துட்டேன். இனிமே பேச்சு மாறுனா என் மீசைக்கு இன்னா மரியாத?" என்கிறார். கரையில் சாப்பிட்டது வீட்டில் கை நனைத்ததாகுமா என்று கேட்டேன். ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்கிறார்கள்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் கோயிலில் ஓலை வாசித்துவிடலாம் என்று அம்மா சொல்கிறாள். மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் அறிவித்துவிட்டால் அப்புறம் கல்யாணம்தான். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். வீட்டில் எத்தனை அறை, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமையல்கட்டுக்கு ஜன்னல் உண்டா, மழை பெய்தால் எது ஒழுகும், யார் எங்கே படுக்கிறீர்கள். மாமாவை ஏன் வாசற்படி ஏற்றவில்லை. நான் இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். முகத்தைப் பார்த்து ஆள் நன்றாக இருக்கிறார் என்று சொல்வது எங்கள் பழக்கம் இல்லை.

இப்படிக்கு,
ரோஜா


நீல் தீவு
9 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய ரோஜா அவர்களுக்கு,

(மனு மாதிரி இருந்தாலும் இருக்கட்டும், எனக்கு வேறு தெரியவில்லை.)

உங்கள் கடிதம் வந்த அன்று காற்று பலம், படகை இறக்கவில்லை. நிதானமாக வாசிக்க முடிந்தது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மாமா அழுத இடம் வந்ததும் அம்மா சிரித்தார். சமையல்கட்டு ஜன்னல் வந்ததும் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

எனக்குத் தமிழ் பேச வரும், எழுதுவது பள்ளிக்கூடத்தோடு நின்றது. காலை முதல் மாலை வரை இந்தி, அக்கம்பக்கத்தில் வங்காளம். தப்பு இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

முதலில் மாமா. அந்தப் பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றுகிற நேரத்தில்தான் போக முடியும். வழியெல்லாம் செத்த பவளம், காலைக் கிழித்துவிடும். பார்த்துப் பார்த்து நடந்து வந்தவர், பாலத்துக்கு அடியில் போனதும் விரல் முட்டியால் பாறையைத் தட்டினார். "இதுல கம்பி கெடையாதுடா அலெக்ஸ்!" என்றார். அப்புறம்தான் அழுதார். எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன், எல்லாரும் படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். தட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் தீவு சின்னது. சைக்கிளில் ஒரு காலைப் பொழுதில் சுற்றிவிடலாம். சூரியன் உதிப்பதைப் பார்க்க ஒரு கரை, சீதாபூர். மறைவதைப் பார்க்க ஒரு கரை, லட்சுமண்பூர். பரத்பூர் கரையில் என் படகு. படகின் அடியில் கண்ணாடி பதித்திருக்கும். ஓட்டுகிறவனைத் தவிர எல்லாரும் குனிந்த தலை நிமிர மாட்டார்கள். மூளை மாதிரி ஒரு பவளம் உண்டு, மான்கொம்பு மாதிரி ஒன்று உண்டு. கிளிமீன் என்று ஒரு மீன், பவளத்தைக் கடித்துத் தின்றுவிட்டு மணலாகக் கழியும். 'நீங்கள் கையால் அள்ளி விளையாடுகிற வெள்ளை மணல் இருக்கிறதே, அதில் பாதி அந்த மீனின் வயிற்று வழியாக வந்ததுதான்' என்று சொல்வேன். தேனிலவுக்கு வந்தவர்கள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

மறுபடி அதே குரலில் ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் கேள்விகள்: அறை இரண்டு, சமையல்கட்டு தனி. சுவர் பாதி செங்கல், மேல்பாதி பலகை. கிணற்றுத் தண்ணீர், ஏப்ரலில் கொஞ்சம் கரிக்கும், அப்போது தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர். சமையல்கட்டுக்கு ஜன்னல் உண்டு, கடல் தெரியும். மழைக்கு வடக்கு மூலை ஒழுகும். மாமாவை அன்று வீட்டுக்குக் கூட்டிப் போக நேரம் அமையவில்லை.

நானும் ஒன்று கேட்கலாமா? உங்கள் ஊரிலிருந்து மரக்காணம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான் என்று அம்மா சொல்வார். நீங்கள் கடலில் இறங்கியிருக்கிறீர்களா? இங்கே கடலில்லாத திசை கிடையாது. பயமாக இருக்குமோ என்றுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அலெக்ஸ்


திண்டிவனம்
20 பிப்ரவரி 2025

அலெக்ஸ் அவர்களுக்கு,

இரண்டு நாள் உங்கள் தீவில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருந்த மனுஷருக்கு வீட்டுக்கு வர நேரம் அமையவில்லையா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். யார் எங்கே படுக்கிறீர்கள் என்ற கேள்வியையும் காணோம்.

இருந்தாலும் கிளிமீன் கதையை லேபில் எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நான் நம்புகிறேன், உடம்புக்குள் போனது எதுவாக வெளியே வரும் என்பதெல்லாம் நான் தினமும் பார்ப்பதுதான்.

கடலில் இறங்கியதில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. சின்ன வயதில் வேளாங்கண்ணிக்குப் போனோம், அது சுனாமிக்கு அடுத்த வருஷம். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, கோயிலிலிருந்து நேராக பஸ்ஸுக்கு இழுத்து வந்துவிட்டாள். தூரத்தில் ஒரு கோடாகத்தான் கடலைப் பார்த்தேன். அதற்கப்புறம் பள்ளிக்கூட டூர் என்றால்கூட, கடல் இருந்தால் நான் இல்லை.

உங்கள் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் லேபில் வரவேற்பில் உட்காரும் சங்கவி மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பெண். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவிடம் தோழி வீடு என்று மட்டும் சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். ஊர் நெருங்கும்போது இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவியல். அதையே கடற்கரை என்று நினைத்து எழுந்துவிட்டேன். சங்கவி என் பையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள், பஸ்ஸே சிரித்தது.

எங்கள் கடல் நீலம் இல்லை, தெரியுமா? கலங்கல் பச்சை. அடி தெரியாது. சத்தம்தான் முதலில் வந்தது. கணுக்கால் நனைந்த உடனே அலை திரும்பிப் போனது, காலுக்குக் கீழே இருந்த மண்ணை உருவிக்கொண்டு போனது. நான் போட்ட சத்தத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். சங்கவியின் அம்மா காசியம்மாள் மீன் கூடையோடு வந்தவர், "காலப் பாக்காத, தூரத்தப் பாரு. மண்ணுதான் போவும், நீ போ மாட்ட" என்றார். தூரத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம்தானே நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் போனை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மீன், பாறை, மீன், தன் முகம், மறுபடி மீன். படகிலிருந்து எடுத்த ஒரு படத்தில் உங்கள் நீலக் கூரை இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் கொடி கட்டி, ஒரே மாதிரி வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காய்கின்றன. ஒரே மாதிரி வெள்ளைத் துண்டுகளும். நீங்களும் அம்மாவும் இரண்டே பேர் என்றுதானே சொன்னீர்கள். யார் வீட்டில் இப்படி விரிப்பு இருக்கும்? நான் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜ் இருக்கிறது. அதன் மொட்டை மாடி இப்படித்தான் இருக்கும்.

அலெக்ஸ், அந்த வீட்டில் யார் படுக்கிறார்கள்?

ரோஜா


நீல் தீவு
4 மார்ச் 2025

அன்புள்ள ரோஜா அவர்களுக்கு,

விரிப்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தை இந்த முறை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அது எங்கள் வீடு இல்லை. இரண்டு அறையும் சுற்றுலா வருகிறவர்களுக்கு. அப்பா இறந்த வருஷம் ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. அம்மா சமையல்கட்டில் படுக்கிறார். நான் கரையில் படகுச் சாமான் வைக்கிற கொட்டகையில். மாமா வந்த அன்று கல்கத்தாவிலிருந்து ஒரு குடும்பம் இருந்தது. அவர்களை வெளியே போகச் சொல்ல முடியாது. நாள் மாற்றச் சொல்லி மாமாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்மாதான் சொன்னார். "பொண்ணு வூட்டுக்காரங்க வந்து அடுப்படியில சுருட்டி வெச்ச பாயப் பாத்தா இன்னாடா நெனைப்பாங்க? நீ கரைக்கு இட்டுக்கினு போ. நான் சோத்த எடுத்துக்கினு வர்றேன்." வழக்கம் அவருக்கும் தெரியும். "வூட்ல போட்டாத்தான் கை நனைக்கிறது. கரையில போட்டா வெறும் விருந்து. அவங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்று அவர் கணக்குப் போட்டார். மாமா வேறு கணக்குப் போட்டுவிட்டார். இரண்டு பேருமே மரியாதையாக நடந்துகொள்ளத்தான் நினைத்தார்கள். மறைத்தது நான். அதோ நம்ம வீடு என்று கையைக் காட்டியபோதே எனக்குக் கூசியது.

நல்ல பக்கத்தை மட்டும் காட்டிப் பழகிவிட்டேன் ரோஜா. இன்று மற்றதைச் சொல்கிறேன். சில கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, சும்மா வைத்தது இல்லை. பவளத்தில் பாதி வெளுத்துச் செத்துவிட்டது. படகை எந்தப் பக்கம் ஓட்டினால் உயிருள்ள பவளம் தெரியும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கமே ஓட்டுவேன். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் வராது, நாள்கணக்கில் மருந்து வராது, ஆளும் வர முடியாது. சினிமாக் கொட்டகை இல்லை. தமிழ் பேச அம்மாவையும் என்னையும் விட்டால் இரண்டு குடும்பம்.

நல்லது என்று ஒன்று சொல்லட்டுமா? கடைசிப் படகில் எல்லாரும் கிளம்பிய பிறகு கரையில் ஆள் இருக்க மாட்டார்கள். ஐந்தரைக்கெல்லாம் இங்கே இருட்டிவிடும். அதற்கு முந்தின கொஞ்ச நேரம், நண்டுகள் மட்டும் ஓடும். நான் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் மரக்காணத்தில் தூரத்தைப் பார்த்ததாக எழுதிய இடத்தை நான் அந்த நேரத்தில்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வேண்டாம் என்று எழுதினாலும் சரி. மாமாவின் மீசைக்குக் குறை வராதபடி, தப்பு என்னுடையது என்று நானே அவருக்குப் போன் செய்து சொல்கிறேன்.

அலெக்ஸ்


திண்டிவனம்
16 மார்ச் 2025

அன்புள்ள அலெக்ஸ்,

மாமாவிடம் நானே சொல்லிவிட்டேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "அப்ப நான் சாப்ட்டது கை நனைச்சது இல்லியா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா ஒவ்வொரு மீனா எடுத்துப் போட்டாங்க. தனக்கு வெச்சிக்கவே இல்ல" என்றார். இப்போது அவர் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார், உங்கள் அம்மா மேல் இல்லை.

எனக்கும் அப்படித்தான். வீட்டை வாடகைக்கு விட்டதில் ஒரு குறையும் இல்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் முன்கட்டைக் கடைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் இருக்கிறார்கள். மறைத்ததுதான் எரிகிறது. ஓலை வாசித்து, கல்யாணம் முடிந்து, பெட்டியோடு வந்து இறங்கி, கல்கத்தாக்காரர்கள் என் அறையில் படுத்திருப்பதை நான் பார்த்திருந்தால்? உங்கள் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். முதலைப் பலகை வரை வந்ததும் முழுக்க வாசித்துவிட்டேன். ஒரு மாப்பிள்ளையும் பெண் வீட்டாருக்கு முதலையைப் பற்றி எழுதியிருக்க மாட்டான்.

அம்மாவிடமும் மரக்காணம் போனதைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "என்னையும் இட்டுக்கினு போ" என்றாள். மரக்காணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம், இடிந்த செங்கல் சுவருக்குப் பின்னால் உப்பங்கழி, அதில் படகு ஏறினால் நடுவில் ஒரு மணல்திட்டு. அந்தத் திட்டுக்கு அப்பால் பெருங்கடல். அம்மா படகில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொன்னாள். திட்டில் இறங்கியதும் கண்ணைத் திறந்தாள். அப்புறம் அவளைக் கிளப்புவதுதான் கஷ்டமாகப் போய்விட்டது, புடவைத் தலைப்பு நிறையக் கிளிஞ்சல். "இத்தினி வருசம் உன்ன இதுக்காடி பயங்காட்டி வெச்சிருந்தேன்" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது என் குழப்பத்தைக் கேளுங்கள். இரவில் படுத்தால் கிளிமீன் வருகிறது, வளைந்த பாறை வருகிறது, நீங்கள் எழுதிய நண்டுகள் வருகின்றன. போக வேண்டும், பார்க்க வேண்டும் என்று உடம்பே துடிக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்திருப்பது உங்களையா, உங்கள் கடலையா? கடலுக்காகக் கழுத்தை நீட்டிவிட்டால் பிறகு உங்களை என்ன செய்வது? சிரிக்காதீர்கள், நிஜமாகவே தெரியவில்லை.

தெரிந்தது ஒன்றுதான். உங்கள் அம்மாவுக்கு ஒரு அறை வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை, அவருக்காக. சீசனோ, மழையோ, யார் வந்தாலும் அவருடையது. இன்று அவர் படுக்கிற இடத்தில்தான் நாளைக்கு நான் படுப்பேன். அம்மாவை அடுப்படியில் படுக்கவைத்துவிட்டு வருகிறவர்களுக்கு வெள்ளை விரிப்பு விரிக்கிற வீட்டில், எவ்வளவு அழகான ஜன்னல் இருந்தாலும் எனக்கு வேண்டாம். முடியுமா முடியாதா என்று மட்டும் எழுதுங்கள்.

ரோஜா


நீல் தீவு
30 மார்ச் 2025

அன்புள்ள ரோஜா,

முடியும் என்று எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், செய்துவிட்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

கிழக்கு அறையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். முன்பதிவு செய்திருந்தவர்களுக்குப் பக்கத்து வங்காளிக் குடும்பத்து வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தேன். ஒருத்தர் மட்டும் வாயில் வந்தபடி திட்டினார், கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் சாவியைக் கொடுத்தபோது வாங்கவில்லை. "சீசன் நேரத்துல பைத்தியமாடா உனக்கு? யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். நீங்கள் என்று சொன்னேன். உங்கள் கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும் வாசித்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய், கிணற்றடியில் வெகுநேரம் நின்றார். நான் இத்தனை வருஷம் அவரைக் கேட்டதே இல்லை ரோஜா. அவர் ஒன்றும் சொல்லாததால் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. "கட்டில்ல படுத்தா கடல் சத்தம் வேற பக்கத்துலருந்து வருதுடா" என்று புகார். இப்போது பழகிவிட்டது. மதியத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார், கூப்பிட்டால் அதட்டுகிறார்.

உங்கள் குழப்பத்துக்கு நான் என்ன பதில் சொல்ல? கடலோடு போட்டி போட்டு ஜெயித்த ஆள் எங்கள் தீவில் இல்லை. எனக்கு ஒரு குழப்பமும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ பேர் என்னிடம் அடுத்த படகு எப்போது, இந்த மீனின் பெயர் என்ன, சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். யார் எங்கே படுக்கிறீர்கள் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்கு வேண்டும்.

உங்கள் வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே விசாரித்தேன். இங்கே லேபில் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உறுதியாகச் சொல்ல முடியாததை உறுதி என்று சொல்ல மாட்டேன்.

மாதம் ஒரு முறை பூசை வைக்க வரும் சாமியாரைப் பார்த்தேன். பெண் வீட்டிலிருந்து வார்த்தை வராமல் எங்கள் பக்கம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வழக்கமா பொண்ணு வீட்லதான் இப்பிடி நிறுத்துவாங்க" என்று சிரித்தார். நீங்களே வாருங்கள். அம்மாவையும் மாமாவையும் கூட்டி வாருங்கள். எல்லாக் கதவையும் திறந்து பாருங்கள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாலும் நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம்.

அலெக்ஸ்


கப்பலில்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அலெக்ஸ்,

இதைத் தபாலில் போட முடியாது, கையில்தான் தருவேன். நேரில் சொல்ல வாய் வராது என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

மாமா ஏறியதிலிருந்து படுத்தேதான் இருக்கிறார். தலையைத் தூக்கும்போதெல்லாம், "இந்தத் தடவ செவுத்தத் தட்டாம வுட மாட்டேன்" என்று யாரையோ மிரட்டுகிறார். அம்மா கப்பல் முழுக்கச் சிநேகிதம் பிடித்துவிட்டாள். வேலைக்குப் போகிற ஒரு பரமக்குடிக் கூட்டத்துக்கு மல்லாட்டை உருண்டை (உங்களுக்குக் கடலை உருண்டை) கொடுத்து, அவர்கள் குடும்ப விவரமெல்லாம் வாங்கிவிட்டாள்.

நான் முதல் நாள் மேல்தளத்தை விட்டு இறங்கவே இல்லை. கரை மறைந்த பிறகு தண்ணீரின் பச்சை போய், மையைக் கொட்டியது போல ஒரு கருநீலம் வந்தது. பறக்கும் மீன் கூட்டமாக எழுந்து, வெயிலில் மின்னி, மறுபடி விழுந்தது. இது உங்கள் பட்டியலில் இல்லை, நானே பார்த்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டிக் காட்டினேன்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. காலையில் போய் நின்றேன், கடல். மதியம் போய் நின்றேன், அதே கடல். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல், கடல். எனக்கு அலுத்துவிட்டது அலெக்ஸ்! இதற்காகவா தூக்கம் கெட்டுக் கிடந்தோம் என்று சிரிப்பு வந்தது. கீழே இறங்கிப் போய்ப் பையிலிருந்து உங்கள் கடிதங்களை எடுத்து, படுத்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தேன். கிணற்றடியில் உங்கள் அம்மா நின்ற இடம் வந்தது. அப்புறம் இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். எனக்கு உங்களைத்தான் பிடித்திருக்கிறது.

கிளம்புவதற்கு முன் பங்குச் சாமியாரிடம் போய் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இன்னும் தெரியாது. வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஓலை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று ஞாயிறு. இந்நேரம் திண்டிவனத்தில் பூசை முடிந்திருக்கும். உங்கள் பெயரையும் என் பெயரையும் சேர்த்து வாசித்து, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று கேட்டிருப்பார்கள். நான் அங்கே இல்லை, நடுக்கடலில் இருக்கிறேன். இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நாளைக் காலை போர்ட் பிளேரில் இறங்குகிறோம். மாமா சுவரைத் தட்டுவார், அம்மா அடுப்படியைப் பார்ப்பாள், நான் எல்லாக் கதவையும் திறந்து பார்ப்பேன். அதில் ஒன்றையும் விட மாட்டேன், தயாராக இருங்கள். வீடு பிடிக்கவில்லை என்றால் நாம் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள்
ரோஜா